ஒரே மின்துடிப்பு, வெவ்வேறு வேலை: நியூரானின் பணியை அதன் இணைப்புகள்தாம் தீர்மானிக்கின்றனவா?

கேள்வி: விலங்கியல் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு விலங்கியல் கற்பிக்கிறேன். சென்ற வாரம் நரம்பு ஒருங்கிணைப்புப் பாடத்தை நடத்தும்போது, வழக்கம்போல ஒரு நியூரானின், அதாவது நரம்புச் செல்லின், படத்தைக் கரும்பலகையில் வரைந்து, செல் உடலம், செய்தியை வாங்கும் கிளைகளான டென்ட்ரைட்டுகள், செய்தியை அனுப்பும் இழையான ஆக்ஸான், அடுத்த செல்லோடு இணையும் இடமான சினாப்ஸ் என்று பாகங்களைக் குறித்துவிட்டு, ஆக்ஸான் வழியாக மின்துடிப்பு எவ்வாறு ஓடுகிறது என்பதை விளக்கினேன். அப்போது ஒரு மாணவி எழுந்து, "கண்ணிலிருந்து வரும் நரம்பிலும் காதிலிருந்து வரும் நரம்பிலும் ஓடுவது ஒரே வகையான மின்துடிப்புதான் என்றால், மூளை ஒன்றை வெளிச்சம் என்றும் மற்றொன்றை ஓசை என்றும் எப்படிப் பிரித்தறிகிறது?" என்று கேட்டாள். அவை சென்று சேரும் இடங்கள் வேறு என்று நான் சொன்னேன். உடனே அவள், "அப்படியானால் கண் நரம்பைக் கொண்டுபோய்க் காது நரம்பு சேரும் இடத்தில் சேர்த்துவிட்டால், அங்குள்ள செல்கள் பார்க்கத் தொடங்குமா?" என்றாள்.

எனக்கு விடை தெரியவில்லை. படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று அவகாசம் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண்ணின் கேள்வியை யோசிக்க யோசிக்க, என் மனத்தில் வேறொரு கேள்வியும் எழுந்தது. வீட்டின் மின்கம்பி வரைபடம் கையில் இருந்தால், எந்த ஸ்விட்சைப் போட்டால் எந்த விளக்கு எரியும் என்று ஸ்விட்சைத் தொடாமலேயே சொல்லிவிடலாம். அதுபோல ஒரு மூளையிலுள்ள எல்லா இணைப்புகளையும் வரைந்துவிட்டால், ஒவ்வொரு நியூரானும் என்ன வேலை செய்கிறது என்பதை அந்த வரைபடத்திலிருந்தே படித்துவிட முடியுமா? அல்லது நியூரானின் வேலை இணைப்பைத் தாண்டி, அந்தச் செல்லுக்கு உள்ளேயும் இருக்கிறதா? துறை அறிந்தவர்கள் விளக்கினால், அதை அப்படியே வகுப்பில் சொல்ல விரும்புகிறேன்.

மறுமொழி 1: விழித்திரை

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பார்வை நரம்பியலில் சில ஆண்டுகள் ஆய்வு செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் மாணவிக்கு முதலில் சொன்ன விடை சரியானது. அதற்கு நெடிய வரலாறும் உண்டு. எந்த உணர்வு நமக்குக் கிடைக்கிறது என்பதைத் தூண்டும் பொருள் தீர்மானிப்பதில்லை, தூண்டப்படும் நரம்பே தீர்மானிக்கிறது என்று ஜெர்மானிய உடலியலாளர் யோகன்னஸ் முல்லர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கூறினார். மூடிய இமையின் ஓரத்தை விரல் நுனியால் மிக மெதுவாக அழுத்தினால் இருட்டில் ஓர் ஒளிவட்டம் தெரியும். அழுத்தம் ஒளி அன்று, ஆனாலும் விழித்திரையின் நரம்பு அதை ஒளியாகவே மூளைக்குச் சொல்கிறது. பிறகு 1920களில் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியன் தனித்தனி நரம்பிழைகளின் மின்துடிப்புகளைப் பதிவுசெய்து, எந்தப் புலனிலிருந்து வந்தாலும் துடிப்பு ஒரே தன்மையது என்பதை மெய்ப்பித்தார். உங்கள் மாணவி தொட்டிருப்பது அந்த இடத்தைத்தான்.

இரண்டாவது கேள்விக்கு, இணைப்பைப் பார்த்தே வேலையைப் புரிந்துகொள்ள முடிந்த ஒரு நிகழ்வை விரிவாகச் சொல்கிறேன். என் அறிவுக்கு எட்டியவரை இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை.

விழித்திரையிலிருந்து மூளைக்குச் செய்தி அனுப்பும் கேங்லியான் செல்களுள் ஒரு வகை, பொருள் நகரும் திசைக்கு மட்டும் பதிலளிக்கும். ஒரு செல் வலப்புறமாக நகரும் ஒளிக்கோட்டுக்குச் சடசடவென்று துடிக்கும். அதே கோடு இடப்புறமாக நகர்ந்தால் ஏறக்குறைய மௌனமாகிவிடும். ஹோரஸ் பார்லோவும் வில்லியம் லெவிக்கும் 1965இல் முயலின் விழித்திரையை ஆராய்ந்து, விரும்பாத திசையில் ஒளி நகரும்போது யாரோ அந்தச் செல்லைத் தடுக்கிறார்கள் என்று ஊகித்தார்கள். அந்த "யாரோ" பின்னர் அடையாளம் காணப்பட்டது. அது விண்மீன்வெடிப்பு அமாக்ரைன் செல் எனப்படும் ஒருவகைச் செல். விரித்த குடையின் கம்பிகளைப் போல, நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் டென்ட்ரைட்டுகளை நீட்டியிருக்கும். இந்தக் குடைக்கு ஒரு விந்தையான குணம் உண்டு: ஒவ்வொரு கம்பியும் தனித்தனியே இயங்கும், நடுவிலிருந்து நுனியை நோக்கி ஒளி நகரும்போது அந்தக் கம்பி வலுவாகத் தூண்டப்பட்டு, தன் நுனிப்பகுதியிலுள்ள சினாப்ஸ்கள் வழியாகத் தடுப்பு வேதிப்பொருளை வெளியிடும். ஒளி எதிர்த்திசையில் வந்தால் அந்த அளவுக்குத் தூண்டப்படாது.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். வலப்புற இயக்கத்தை விரும்பும் கேங்லியான் செல், இடப்புற இயக்கத்தின்போது தடுக்கப்பட வேண்டும். இடப்புற இயக்கத்துக்குத் தூண்டப்படுவது, குடையின் நடுவிலிருந்து இடப்புறமாக நீண்டிருக்கும் கம்பி. ஆகவே இடப்புறம் நீண்ட கம்பிகள் மட்டும் அந்தச் செல்லோடு சினாப்ஸ் அமைத்திருந்தால் கணக்குச் சரியாகிவிடும். ஆனால் உண்மையில் அப்படித்தான் இருக்கிறதா? ஒரு கேங்லியான் செல்லைச் சுற்றிலும் எல்லாப் பக்கமும் இந்தக் குடைகள் நெருக்கமாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படர்ந்திருப்பதால், எல்லாத் திசைக் கம்பிகளும் அதைத் தொடும் தூரத்திலேயே இருக்கின்றன. சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் எந்த வேறுபாடும் தெரியாது.

ஹைடெல்பெர்க்கிலுள்ள மாக்ஸ் பிளாங்க் மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் கெவின் பிரிக்மன், மோரிட்ஸ் ஹெல்ம்ஸ்டேட்டர், வின்ஃபிரீட் டெங்க் ஆகியோர் இதற்கு விடை கண்டு 2011இல் வெளியிட்டார்கள். எலியின் விழித்திரைத் துண்டு ஒன்றை எடுத்து, ஒளிக்கோடுகளை நகர்த்தி, எந்தக் கேங்லியான் செல் எந்தத் திசையை விரும்புகிறது என்பதை முதலில் குறித்துக்கொண்டார்கள். பிறகு அதே துண்டை எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் வைத்து, மெல்லிய படலங்களாகச் சீவிச் சீவிப் படமெடுத்து, கம்பிகளை அடியிலிருந்து நுனிவரை பின்தொடர்ந்தார்கள். ஒவ்வொரு கேங்லியான் செல்லும் தான் விரும்பும் திசைக்கு நேரெதிராக நீண்ட கம்பிகளிடமிருந்தே மிகப் பெரும்பான்மையான சினாப்ஸ்களைப் பெற்றிருந்தது. பக்கத்தில் இருந்தும், எத்தனையோ கம்பிகள் இணைப்பில்லாமல் கடந்து சென்றிருந்தன. 1965இன் ஊகம் 46 ஆண்டுகளுக்குப் பிறகு கம்பி வடிவில் கண்முன் நின்றது. இந்த ஆய்வுக் கட்டுரையின் படங்களை முதன்முறையாகப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அந்தக் கம்பி ஏன் வெளிநோக்கிய இயக்கத்தை விரும்புகிறது என்று உங்கள் மாணவி அடுத்து நிச்சயம் கேட்பாள். அதற்கும் ஒரு பங்கு இணைப்பில் இருக்கிறது. 2014இல் வெளியான ஆய்வில், ஒளியுணர் செல்களின் செய்தியைக் கொண்டுவரும் இருமுனைச் செல்களுள், குடையின் நடுப்பகுதியில் மெதுவாகப் பதிலளிக்கும் இருமுனைச் செல்களும், நுனியை நோக்கி விரைவாகப் பதிலளிக்கும் இருமுனைச் செல்களும் இணைந்திருப்பது தெரியவந்தது. ஒளி நடுவிலிருந்து வெளியே நகர்ந்தால், முதலில் தொடங்கிய மெதுவான செய்தியும் பின்னர் தொடங்கிய விரைவான செய்தியும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து வலுக்கின்றன. அந்த ஆய்வுக்காக நியூரான்களின் கிளைகளைத் தடம்பிடித்தவர்களில் பெரும்பாலோர், ஐவயர் என்ற இணைய விளையாட்டில் பங்கேற்ற பொதுமக்கள். உங்கள் மாணவர்களுக்கு இதைச் சொன்னால் மகிழ்வார்கள்.

மறுமொழி 2: கடலுயிரி ஆய்வாளர்

விழித்திரை நண்பரின் விளக்கம் மிக அருமை. எனினும் அதைப் படித்துவிட்டு, வரைபடம் கிடைத்தால் வேலை தெரிந்துவிடும் என்ற முடிவுக்கு ஆசிரியை அவர்கள் வந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். அந்த ஆய்வில் செல்கள் எதை விரும்புகின்றன என்பதை முதலில் அளந்துவிட்டுத்தான் வரைபடத்தைத் திறந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பூட்டு எது என்று தெரிந்தபின் சாவியைத் தேடியது போன்றது அது.

நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றின் இரைப்பையை இயக்கும் நரம்பு முடிச்சு ஒன்று உண்டு. அதில் இருப்பவை சுமார் 30 நியூரான்கள் மட்டுமே. யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள், அந்த இணைப்பு தூண்டுவதா தடுப்பதா என்பதெல்லாம் பல்லாண்டுகளுக்கு முன்பே தெரிந்துவிட்டது. இந்த முடிச்சு இரண்டு தாளங்களை எழுப்புகிறது. ஒன்று, இரையை வடிகட்டும் பகுதியை இயக்கும் விரைவான தாளம். மற்றொன்று, இரைப்பைக்குள் இருக்கும் பற்களை அசைத்து இரையை அரைக்கும் மெதுவான தாளம். அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஈவ் மார்டரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகளாக இதையே ஆராய்ந்து வருகிறார்கள். அவர்களும் இத்துறையின் பிற ஆய்வாளர்களும் கண்டது என்னவென்றால், டோபமைன், செரோடோனின் போன்ற நரம்பு வேதிப்பொருளையோ, நியூரோபெப்டைடு எனப்படும் சிறு புரதத் துணுக்கையோ அந்த முடிச்சின்மீது செலுத்தினால், ஒரு கம்பிகூட மாறாமலேயே தாளம் மாறிவிடுகிறது. சில நியூரான்கள் விரைவான தாளத்தை விட்டுவிட்டு மெதுவான தாளத்தில் போய்ச் சேர்ந்துகொள்கின்றன. ஒரே வரைபடம், ஒரே நியூரான், ஆனால் இப்போது வேறு வேலை. அந்த நியூரானின் பணி என்ன என்று கேட்டால், எந்த வேதிப்பொருள் சூழ்ந்திருக்கும் வேளையில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

எதிர்ப்புறமும் உண்மைதான். 2004இல் ஆஸ்ட்ரிட் பிரின்ஸ், டிர்க் பூச்சர், மார்டர் மூவரும் அந்தச் சுற்றின் எளிய மாதிரியைக் கணினியில் அமைத்து, இணைப்புகளின் வலிமையையும் செல்களின் தன்மையையும் மாற்றி மாற்றி இரண்டு கோடிக்கும் மேற்பட்ட வடிவங்களை இயக்கிப் பார்த்தார்கள். ஒன்றோடொன்று சிறிதும் ஒத்துப்போகாத அளவுகளைக் கொண்ட எத்தனையோ வடிவங்கள் ஒரே தாளத்தை எழுப்பின. ஆகவே ஒரு வரைபடத்திலிருந்து பல வேலைகள் பிறக்கலாம். பல வகை அளவுகளிலிருந்து ஒரே வேலையும் பிறக்கலாம்.

உருளைப்புழுவின் கதையும் இதையே சொல்கிறது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் புழுவின் 302 நியூரான்களையும் அவற்றின் சுமார் 7,000 சினாப்ஸ்களையும் ஜான் வைட், சிட்னி பிரென்னர் முதலியோர் 1986லேயே வெளியிட்டுவிட்டார்கள். ஆனால் 2023இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தப் புழுவின் நியூரான்களை ஒவ்வொன்றாக ஒளியால் தூண்டி, மற்றவை எவ்வாறு பதிலளிக்கின்றன என்று அளந்தபோது, செய்தி பரவிய விதம் வரைபடத்தைக் கொண்டு எதிர்பார்த்ததிலிருந்து பல இடங்களில் விலகி நின்றது. காரணம், பல நியூரான்கள் சினாப்ஸ் வழியாக அன்றி, பெப்டைடுகளைச் சுற்றுப்புறத்தில் கலக்கவிட்டும் பேசிக்கொள்கின்றன. கம்பியை மட்டும் வரைந்த படத்தில் அந்தப் பேச்சு பதிவாவதில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியின் படம் சினாப்ஸ் இருக்கும் இடத்தைக் காட்டும். அதன் வலிமையையும், பல சமயம் அது தூண்டுமா தடுக்குமா என்பதையும் வேறு வழியில்தான் அறிய வேண்டும். வீட்டு மின்கம்பி உவமை இந்த இடத்தில் துணைக்கு வராது என்று மாணவர்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிடலாம்.

மறுமொழி 3: பிரெய்ல் பயிற்றுநர்

ஆசிரியை அவர்களே, உங்கள் மாணவியின் கேள்விக்கு இன்னும் யாரும் நேரடியாக விடை சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். பார்வையற்ற பிள்ளைகளுக்கு வாசிப்புக் கற்பிக்கும் பணியில் இருப்பதால், இந்தக் கேள்வி எனக்கு மிக நெருக்கமானது. அவள் கேட்ட சோதனையை உண்மையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள்.

கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, பின்னர் எம்.ஐ.டி.யில் பேராசிரியரான மிருகாங்க சுர், கீரியைப் போல நீண்ட உடலைக் கொண்ட ஃபெரெட் என்னும் விலங்கைத் தேர்ந்தெடுத்தார். அதன் குட்டிகள் மூளை இணைப்புகள் முற்றுப்பெறாத நிலையிலேயே பிறப்பதால், பிறந்தவுடன் அந்த இணைப்புகளைத் திசைதிருப்ப முடியும். செவிச் செய்திகளை, மூளையின் இடைநிலையமான தலாமஸுக்குக் கொண்டுவரும் பாதையை அகற்றிவிட்டால், விழித்திரையிலிருந்து வளரும் ஆக்ஸான்கள் காலியாகக் கிடக்கும் அந்த இடத்தில் போய் இணைந்துகொள்கின்றன. அங்கிருந்து பார்வைச் செய்தி செவிப் புறணிக்கு, அதாவது மூளையின் மேலடுக்கில் ஓசையைக் கையாளும் பகுதிக்கு, சென்றுவிடுகிறது. சுர்ரும் அவருடைய குழுவினரும் இதை 1988இல் அறிவித்தார்கள். குட்டிகள் வளர்ந்தபின் செவிப் புறணியைச் சோதித்தபோது, அங்குள்ள நியூரான்கள் ஒளிக்குப் பதிலளித்தன. அது மட்டுமன்று; சாய்ந்த கோடு, நிமிர்ந்த கோடு என்று கோட்டின் சாய்வைப் பொறுத்துத் தேர்ந்து பதிலளித்தன. பார்வைப் புறணியில் நரம்பியலாளர்கள் டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனைகளில் கண்ட அதே குணம் அது.

அவை பார்த்தனவா என்பதுதான் மாணவியின் கேள்வி. 2000இல் வெளியான ஆய்வில், மூளையின் ஒரு பாதியில் மட்டும் இவ்வாறு இணைப்பு மாற்றப்பட்ட விலங்குகளுக்கு, ஒளி தெரிந்தால் ஒரு பக்கமும் ஓசை கேட்டால் மறு பக்கமும் செல்லும்படி, மாற்றப்படாத பாதியைக் கொண்டு பயிற்சி அளித்தார்கள். பிறகு, மாற்றப்பட்ட பாதை மட்டுமே உணரக்கூடிய இடத்தில் ஒளியைக் காட்டினார்கள். அவை ஒளிக்குரிய பக்கத்துக்கே சென்றன. செவிப் புறணி தூண்டப்பட்டும் அந்தச் செய்தியை அவை ஓசையாகக் கொள்ளவில்லை. ஆனால் அந்தப் பார்வை இயல்பான பார்வையின் அளவுக்குக் கூர்மையானது அன்று. சாய்வுகளைக் குறித்த ஒழுங்கமைப்பும் இயல்பான பார்வைப் புறணியில் உள்ளதைப்போல அவ்வளவு சீராக அமையவில்லை. அந்த இடத்துக்கென்று முன்பே இருந்த உள்ளமைப்பு முழுதாக அழிந்துவிடவில்லை என்பதையே இது காட்டுகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். ஆகவே மாணவியிடம், "பெருமளவுக்கு ஆம், முழுமையாக அன்று" என்று சொல்லலாம்.

மனிதரிடத்தில் யாரும் இப்படிச் செய்வதில்லை, செய்யவும் கூடாது. ஆனால் பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களின் மூளை தானாகவே இதையொத்த ஒன்றைச் செய்துகொள்கிறது. அவர்கள் விரல்களால் பிரெய்ல் வாசிக்கும்போது, மூளையின் பின்பக்கத்திலுள்ள பார்வைப் பகுதி செயல்படுவது 1996இல் படமாகப் பதிவாயிற்று. அது வெறும் எதிரொலி அன்று என்பதற்குச் சான்றாக 2000இல் ஒரு நோயாளியின் வரலாறு வெளியானது. பிறவியிலேயே பார்வையற்ற ஒரு பெண்மணி, பிரெய்லைத் திறம்பட வாசித்து வந்தவர், இருபுறப் பார்வைப் பகுதிகளும் பக்கவாதத்தால் சேதமுற்றபின் பிரெய்லை வாசிக்க முடியாதவரானார். விரலின் கீழ் புள்ளிகள் இருப்பதை உணர முடிந்தது. அவற்றை எழுத்தாக்க முடியவில்லை. கண்ணிலிருந்து ஒரு நாளும் செய்தி வராத அந்தப் பகுதி, அவருக்கு வாசிப்பின் உறுப்பாகவே மாறியிருந்தது. எங்கள் பிள்ளைகளின் விரல்கள் தாளின்மேல் நகர்வதைப் பார்க்கும்போதெல்லாம் இந்த வரலாறு என் நினைவுக்கு வருகிறது.

கேள்வி கேட்டவர்: விலங்கியல் ஆசிரியை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஃபெரெட் சோதனையை நாளையே வகுப்பில் சொல்லப்போகிறேன். ஆனால் இதைப் படித்தபின் ஓர் ஐயம் மீதமிருக்கிறது. நியூரான்கள் ஒரே வேலையைச் செய்வதால் இணைகின்றனவா, அல்லது இணைந்திருப்பதால் ஒரே வேலையைச் செய்கின்றனவா? வளரும் மூளையில் எது முந்தியது?

மறுமொழி 4: விழித்திரை

கடலுயிரி ஆய்வாளரின் திருத்தத்தை ஏற்றுக்கொண்டே தொடர்கிறேன். வரைபடம் மட்டும் போதாது. ஒரு முனையிலாவது வேலை என்ன என்பது தெரிய வேண்டும். 2024இல் வெளியான ஓர் ஆய்வில், பழ ஈயின் பார்வை மண்டலத்திலுள்ள 64 வகை நியூரான்களின் இணைப்புகளைக் கணினி மாதிரிக்குக் கொடுத்து, இயக்கத்தைக் கண்டறிவதே உன் வேலை என்று பயிற்சியும் கொடுத்தபோது, தனித்தனி நியூரான்கள் எவ்வாறு பதிலளிக்கும் என்பதை அந்த மாதிரி பெருமளவுக்குச் சரியாகவே முன்னுரைத்தது. இணைப்பும் நோக்கமும் சேர்ந்தபோதுதான் அது கைகூடியது.

உங்கள் புதிய ஐயத்துக்கு எலியின் பார்வைப் புறணியிலிருந்து விடை சொல்லலாம். 2025 ஏப்ரலில் முடிவுகள் வெளியான மைக்ரான்ஸ் என்னும் மூளை வரைபடத் திட்டத்தில், ஒரு கன மில்லிமீட்டர் புறணியில் சுமார் 75,000 நியூரான்களின் செயல்பாட்டை, எலிக்குக் காணொளிகளைக் காட்டிப் பதிவுசெய்து, பிறகு அதே திசுவை 25,000க்கும் மேற்பட்ட படலங்களாகச் சீவி, 50 கோடிக்கும் மேற்பட்ட சினாப்ஸ்களைக் கண்டறிந்தார்கள். ஒரே விதமான காட்சிக்கு மயங்கும் நியூரான்கள், வெறும் அருகாமையைக் கொண்டு எதிர்பார்ப்பதைவிட அதிகமாகத் தமக்குள் இணைந்திருந்தன. ஆனால் வளர்ந்த எலியிடம் ஒரு முறை எடுத்த படம் என்பதால், எது முந்தியது என்பதை அது சொல்லாது.

அதற்கு 2013இல் லண்டனில் டாமஸ் மர்சிக்-ஃப்ளோகல் குழுவினர் செய்த ஆய்வைப் பார்க்க வேண்டும். எலிக்குட்டி கண் திறக்கும் நாளிலேயே அதன் புறணி நியூரான்கள் கோட்டின் சாய்வைத் தேர்ந்து பதிலளிக்கின்றன. ஆனால் அண்டை நியூரான்களுக்கு இடையிலான இணைப்புகளில் அப்போது அந்த ஒழுங்கு இல்லை. அதற்குப் பிந்திய நாள்களில்தான் ஒத்த விருப்பமுள்ளவற்றுக்கிடையே இணைப்புகள் மிகுந்து, ஒவ்வாதவற்றுக்கிடையே குறைகின்றன. இங்கே விருப்பம் முந்தியது, அண்டை இணைப்பு பிந்தியது.

தொலைதூர இணைப்புகளில் வரிசை வேறு. எழுத்தைக் கண்டறிய மூளையின் இடப்புறத்தில் ஒரு சிறு பகுதி உண்டு. வாசிக்கக் கற்காதவர்களிடம் அந்தப் பணி உருவாவதில்லை. 2016இல் வெளியான ஓர் ஆய்வில், வாசிக்கத் தெரியாத 5 வயதுக் குழந்தைகளின் மூளை இணைப்புகளைக் காந்த அதிர்வுப் படக்கருவியால் பதிவுசெய்து, அதே குழந்தைகள் 8 வயதில் வாசிக்கத் தொடங்கியபின் மறுபடியும் சோதித்தார்கள். 8 வயதில் அந்தப் பகுதி எந்த இடத்தில் அமையும் என்பதை 5 வயது இணைப்புகளைக் கொண்டே கணிக்க முடிந்தது. எழுத்தின் முகமே அறியாத வயதில், எழுத்துக்கான இடத்தை நோக்கிப் பாதை போடப்பட்டிருந்தது. மாணவி கேட்டால் இந்த இரண்டு ஆய்வுகளையும் அடுத்தடுத்துச் சொல்லுங்கள். வரிசை ஏன் மாறுகிறது என்பதை அவளே யோசிக்கத் தொடங்குவாள்.